பாரத்துக்கு வைத்த காந்தம்

இரண்டாயிரத்துக்குப் பின் சில வருடங்கள் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்த்தேன். ஊரே சிடிக்கு மாறிய காலத்தில், வேலம்பாளையத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டரை வாங்கி, பெல்ட் மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். கிறுக்கு என்றார்கள். நான் மறுக்கவில்லை.

அதைக் கேள்விப்பட்டு, ஓவர்லாக் தையல் மிஷினில் இருந்த நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒரு ஸ்பூலைக் கொண்டுவந்தாள். அவளுடைய அப்பா சர்ச்சில் பாடியதைப் பாதிரியார் பதிவு செய்து கொடுத்ததாம். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். வேறு பதிவு கிடையாது.

"அப்பா கொரலு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதுண்ணே," என்றாள்.

அன்று மாலையே வீட்டில் ஓட்டிப் பார்த்தேன். நல்ல கனமான குரல், எங்கும் தொய்வில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளை வரச்சொல்லி, கேட்க வைத்து, கேசட்டிலும் ஏற்றிக் கொடுத்துவிடலாம் என்று ஸ்பூலைத் திரும்பச் சுற்றி அலமாரியில் வைத்தேன். ஃபேன் காற்றில் டேப்பின் நுனி படபடத்தது. பாரத்துக்குச் சட்டைப்பையில் இருந்த காந்தத்தை எடுத்து மேலே வைத்தேன். எங்கள் வேலையில் ஊசி உடைந்தால், துண்டுகளை எல்லாம் காந்தத்தால் தேடி எடுத்துத் தாளில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். அதனால் அது எப்போதும் என் பையிலேயே கிடக்கும். காந்தம் பட்டால் டேப் அழியும் என்று தெரியாதவன் இல்லை நான். கை செய்ததைப் புத்தி பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிறு, சர்ச் முடிந்து வந்தாள். காந்தத்தை ஓரமாக நகர்த்திவிட்டு ஸ்பூலை எடுத்து மாட்டினேன். பாட்டு தொடங்கியது. ஸ்பூல் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை குரல் அமுங்கி எழுந்தது. அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். ஸ்பூலின் ஒரு பக்கத்தில் வைத்திருந்த காந்தம் அங்கே கிடந்தது.

அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பாவுக்கு இளைப்பு உண்டுன்னு அம்மை சொல்லுவா. பாருங்கண்ணே, மூச்சு முட்ட முட்டப் பாடுதாரு," என்று அழுதாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். "பழைய டேப்புங்க, அப்படித்தான் இருக்கும்," என்றேன்.

அதை அப்படியே ஏற்றிக் கொடுத்த கேசட்டை முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. அவள் அப்பா எனக்கு யாரோ. அவர் கொஞ்சமும் மூச்சு வாங்காமல் பாடியதை நான் கேட்டிருக்கிறேன், மகள் கேட்கவில்லை.