வாலிபால் தந்த இரண்டு எம்.ஏ.

இன்று தாம்பரம் ஸ்டேஷனில் என் கல்லூரி பி.டி. சாரையும் அவர் மனைவியையும் பார்த்தேன்.

எண்பதுகளில் நான் வாலிபால் கேப்டன். பி.ஏ. முடித்த அன்றே சார் கையைப் பிடித்துக்கொண்டார். "போயிடாதடா, டீமுக்கு ஆள் இல்ல. எம்.ஏ. ஹிஸ்டரில சீட் காலியா இருக்கு."

சேர்ந்தேன். பாஸானேன். அடுத்து எம்.ஏ. ஃபிலாசஃபி. அப்படி ஒரு பாடம் இருப்பதே அட்மிஷன் அன்றுதான் எனக்குத் தெரியும்.

"இவன் ரெண்டு எம்.ஏ.!" என்று இன்று ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தபடி மனைவியிடம் பெருமையாகச் சொன்னார் சார்.

"அவ்ளோ படிப்பு ஆசையா தம்பி?"

"இல்லம்மா. கோப்பை ஜெயிக்கிற வரைக்கும் படிடான்னு சார் சொன்னாரு."

"ஜெயிச்சீங்களா?"

சார் சட்டென்று எழுந்து, வராத ரயிலை எட்டிப் பார்த்தார்.

பி.ஏ.விலேயே ஜெயித்துத் தொலைத்திருந்தால் எனக்கு ஏது எம்.ஏ.?

உங்களையெல்லாம் எந்தத் தோல்வி படிக்க வைத்தது?