திரையில் தங்கிய கை

சென்ற ஆண்டு மார்கழி எட்டாம் நாள். சின்ன காஞ்சிபுரம்.
அதிகாலை 4.50: மனைவி மூச்சுத் திணறி எழுந்தாள். தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன்.
4.55: மகளை அவளருகே இருத்திவிட்டு, மருத்துவக் காகிதங்களைத் தேடி அடுத்த அறைக்குச் சென்றேன்.
5.05: திரும்பினேன். மகளும் எதிர்வீட்டுக்காரரும் அவளை வண்டியில் ஏற்றினார்கள். கை குளிர்ந்திருந்தது. பற்றிக்கொண்டேன்.
5.12: பஞ்சாங்கப்படி நவமி முடிந்து தசமி பிறந்தது.
5.20: அந்தக் கையில் சூடு ஏறியிருந்தது.
5.30: மருத்துவமனை. உயிர் பிரிந்து அரை மணியாவது ஆகியிருக்கும் என்றார் மருத்துவர்.

அதை நான் ஏற்கவில்லை. குளிர்ந்த கை சூடேறியது. ஆகவே வழியில் அவள் உயிரோடிருந்தாள். ஆகவே திதி தசமி. முதலாண்டுத் திவசம் செய்துவைக்கும் வாத்தியார் நாள் கேட்டபோது தசமி என்றேன். மகள் தொலைபேசியில் மறுத்தாள்.

"அம்மா என் மடியிலயே போயிட்டாப்பா. எத்தனை தடவை சொல்றது?"

"அது மயக்கம். உனக்குத் தெரியாது."

"ஆமா, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். எமனுக்கே கிளாஸ் எடுங்கோ."

நவமி என்றால் மகள் சொல்வதே சரி; மனைவியின் கடைசி மூச்சின்போது நான் அடுத்த அறையில் இழுப்பறையைக் கிளறிக்கொண்டிருந்தேன் என்று பொருள்.

மறுநாள் காலை, நான் வெப்பவியல் கற்பித்த கல்லூரியின் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அறிவியல் புனைவுப் படங்களில் நடித்த பொருள்களையும் உண்மையான ராணுவக் கருவிகளையும் இணை இணையாக வைத்திருந்தார்கள். மரத்தாலான கதிர்த் துப்பாக்கிக்குப் பக்கத்தில் லேசர் தூரமானி. கடைசி மூலையில், ஏதோ பழைய படத்தின் வேற்றுக்கிரகவாசி: ஆளுயர ரப்பர் உருவம், நீட்டிய வலக்கை. அதற்கு எதிரே, எல்லையில் இருட்டில் ஆள் நடமாட்டம் பார்க்கும் வெப்பக் கேமராவும், சூட்டை வெள்ளையாகக் காட்டும் ஒரு திரையும்.

திரையில் மாணவர்கள் வெண்ணிறப் புகைபோல் அசைந்தார்கள்.

"மச்சான், உன் மண்ட மட்டும் கருப்பா இருக்குதுடா. உள்ள ஒண்ணுமே இல்ல போல!"

"தொப்பி போட்டுக்கினு இருக்கேன்டா, லூசு."

சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். ரப்பர் உருவம் திரையில் இல்லை. சுவரின் வெப்பநிலையே அதற்கும். சுவரோடு சுவராக மறைந்திருந்தது. அதன் கையைப் பற்றினேன். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. ரப்பர் முதலில் சில்லென்றிருந்தது. சற்று நேரத்தில் இதமாயிற்று.

விட்டு விலகித் திரையைப் பார்த்தேன். உடல் இல்லை, தோள் இல்லை. வெற்றிடத்தில் ஒரு வெள்ளைக் கை மட்டும் என்னை நோக்கி நீண்டிருந்தது. பிறகு விரல் விரலாக மங்கி, உள்ளங்கை கடைசியாக அணைந்தது.

ஒரு முறை நிகழ்ந்ததை முடிவாகக் கொள்ளக்கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லி வந்தவன் நான். ரப்பர் ஆறும்வரை காத்திருந்து மீண்டும் பற்றினேன். மீண்டும் அந்தக் கை தோன்றியது. மூன்றாம் முறை காவல்கார அம்மாள் வந்துவிட்டார்.

"இன்னாய்யா, பெரியவரு நீங்களே இப்டி பண்ணா எப்டி? கை கழண்டுக்கப் போவுது. அதுக்கு இன்னா உசுரா இருக்குது, புடிச்சிக்கினே நிக்கிறீங்க?"

"இல்லையம்மா" என்றேன். "உயிர் இல்லை."

"அப்பறம் வுடுங்க."

விட்டேன்.

இன்னும் செய்யாதவை:
நாளை மறுநாள் நவமி. அன்றே திவசம் என்று வாத்தியாரிடம் சொல்லவேண்டும்.
அந்த மருத்துவரிடம் நான் உரக்கப் பேசியதற்கு வருத்தம் தெரிவித்து எழுதவேண்டும்.
மடியில் கிடந்தபோது அம்மா ஏதாவது சொன்னாளா என்று மகளிடம் கேட்கவேண்டும். இந்த ஓராண்டில் நான் அதைக் கேட்கவே இல்லை.