அத்தை கொண்டுவந்த மாவு

கான்பூருக்கு வந்த நாலாம் மாதத்தில் ஒரு காலை, வீட்டுக்கார அம்மாள் ராம்துலாரி என் கதவருகில் வந்து நின்று, "சாவல் காவோகி?" என்று கேட்டாள். எனக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. முற்றத்துக் கோடியில் பத்துக் குடித்தனத்துக்கும் பொதுவாக இருந்த கக்கூசுக்கு நான் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை அந்த வளவே பார்த்துக்கொண்டிருந்தது. 'காவோகி' என்றால் சாப்பிடுகிறாயா என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். சாவல் என்றால் எங்கள் திருத்தணிப் பக்கத்தில் சேவல். முட்டை ஓட்டைக்கூட வாசலுக்குள் விடாத வீட்டில் எனக்காகக் கோழி அடிக்கப் போகிறார்களோ என்று பதறிப்போய், இரண்டு கைகளையும் ஆட்டி வேண்டாம் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவர்கள் பாஷையில் சாவல் என்றால் அரிசி என்று சாயந்திரம் என் கணவர் சொல்லித்தான் தெரிந்தது. யுத்த காலம், அரிசி அங்கே அருமையான பண்டம். அதில் ஒரு பிடி எனக்காக வடித்துத் தர நினைத்திருக்கிறாள். இந்த மதராஸிப் பெண்ணுக்குச் சோறு பிடிக்காது என்று தீர்மானித்துக்கொண்டு, அன்றிலிருந்து எனக்கு உடம்பு சரியில்லாத போதெல்லாம் தலியா கொடுத்தனுப்பினாள். தலியா என்பது உடைத்த கோதுமையில் காய்ச்சும் கஞ்சி. நோயாளிக்கு அதைவிட நல்லது கிடையாது என்பது அந்த ஊர் நம்பிக்கை. நான் நன்றியோடு குடித்தேன். குடித்துவிட்டு மறுபடியும் செம்பைத் தூக்கினேன்.

வடக்கே வந்து குடித்தனம் நடத்தும் நம் பெண்களில் யாராவது என்னைப்போல வயிற்றோடு போராடிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்காகவும், ஊரில் உட்கார்ந்துகொண்டு அவர்களைக் குறை சொல்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். என் பெயர் சம்பூர்ணம். எட்டாவது வரை படித்தவள். திருத்தணி மலையடிவாரத்தில் என் நைனாவுக்குத் தேங்காய், கற்பூரக் கடை. அவருடைய தங்கையைப் பள்ளிப்பட்டில் கொடுத்திருந்தார்கள். அந்த அத்தையின் மகன் கேசவன்தான் என் கணவர். தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் எங்கள் வழக்கப்படி சின்ன வயதிலிருந்தே அவரை பாவா என்றுதான் கூப்பிடுவேன். பாவாவுக்கு கான்பூரில் ஒரு துணி மில்லில் ஃபிட்டர் வேலை. நான் போவதற்கு முன்பே ஐந்து வருஷம் அங்கே மெஸ்ஸில் சாப்பிட்டு, ரொட்டி இல்லாமல் வயிறு நிறையாது என்கிற நிலைக்கு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சோறு. மற்ற நாளெல்லாம் கோதுமை ஆட்டா பிசைந்து ரொட்டி.

வயிறு உப்பும். வாயெல்லாம் புண். தின்றது தின்றபடி போகும். தலையை வாரினால் சீப்போடு முடி வரும். காரணத்தைத் தேடி நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. தண்ணீர்தான் என்றார்கள், காய்ச்சிக் குடித்தேன். கடுகெண்ணெய் என்றார்கள், அதை விட்டுவிட்டு நெய்யில் சமைத்தேன். மிளகாயை நிறுத்தினேன். ராம்துலாரி ஒரு கிழவியை அழைத்து வந்தாள். அவள் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, தொப்புள் இடம் மாறிவிட்டது என்று சொல்லி, வயிற்றை உருட்டிப் பிசைந்தாள். எங்கள் ஊரில் இதையே குடல் ஏறிக்கொண்டது என்று சொல்லிப் பிசைவார்கள். எந்த ஊர்க் கைக்கும் என் வயிறு மசியவில்லை. ஒருவருக்கும் ரொட்டியின் மேல் சந்தேகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. ஊரே தின்கிறது, பாவா தின்கிறார், எனக்கு மட்டும் என்ன?

ஒரு வருஷம் கழித்து என்னை ஊருக்கு அனுப்பினார். மூன்று நாள் ரயில் பயணம். திருத்தணி ஸ்டேஷனில் இறங்கியபோது அம்மா என்னைத் தாண்டிப் பின்னால் வந்த பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. அந்த வாரமே வேண்டுதலுக்காக மலை ஏறப் போனோம். நாற்பது படி ஏறுவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊர் எல்.எம்.பி. டாக்டர், சீதபேதிக் கிருமி என்று சொல்லி ஊசி போட்டார். அம்மா சோறு வடித்துப் போட்டாள். பள்ளிப்பட்டிலிருந்து அத்தை, தன் மேட்டு நிலத்துக் கேழ்வரகை மாவாக்கிக் கொடுத்தனுப்புவாள். அதில் அம்மா களி கிண்டிக் கொடுத்தாள். ஒரு மாதத்தில் என் கன்னம் மீண்டும் கன்னமானது. டாக்டர் தன் ஊசி என்றார். அம்மா தன் வேண்டுதல் என்றாள். நைனா, தான் காய்ச்சிக் கொடுத்த சுக்குக் கஷாயம் என்றார். நான் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, பாவா அழைத்துப் போக வந்ததும் சந்தோஷமாக ரயில் ஏறினேன்.

இருபதே நாள். எல்லாம் பழையபடி ஆரம்பித்தது.

இந்த முறை பாவா என்னை மில் டாக்டரிடம் அழைத்துப் போனார். அவர் என் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், ஊருக்குப் போனால் குணமாகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றதும் பாவாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார். வெளியே வந்து பாவா சிரிக்காமல் சொன்னார், "உனக்கு ஊர் ஏக்கம்தானாம். மனசுதான் காரணமாம்." நான் மறுத்துப் பேசவில்லை. ஏக்கம் இருந்தது உண்மைதானே. அது வயிறு வரைக்கும் இறங்குமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு கக்கூசுக்கு ஓடும்போதெல்லாம் பொய் சொல்லிவிட்டு ஓடுகிறவள் போலக் கூசியது. அடுத்த மாதம் மறுபடி என்னை ஊருக்கு அனுப்பினார். ஸ்டேஷனில் டிரங்குப் பெட்டியை ஏற்றிவிட்டு, எப்போது அழைத்துப் போக வருவேன் என்று சொல்லாமல் இறங்கிப் போனார்.

திருத்தணியில் உடம்பு தேறிவந்தது. ஆனால் தேறத் தேற என் மேல் பழி கூடியது. அங்கே குடித்தனம் செய்ய மனமில்லாதவளுக்கு வயிறு ஒரு சாக்கு என்று அத்தை பள்ளிப்பட்டில் சொன்னது, பஸ்ஸில் வருகிறவர்கள் மூலம் எங்கள் கடைக்கு வந்தது. கேசவனுக்கு வேறு ஒரு பெண் பார்க்கலாமா என்ற பேச்சும் பின்னாலேயே வந்தது. நைனா அதை என்னிடம் சொல்லவில்லை. கடையிலிருந்து வந்து என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டதில் நான் தெரிந்துகொண்டேன். நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கும் எனக்கு, நன்றாக இருப்பதே குற்றமாகப் பட்டது.

அந்தச் சமயத்தில்தான் ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமை போட ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவில் யாருக்கும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மா முதல் நாள் அதை அரிசி மாதிரியே உலையில் போட்டு வேக வைத்தாள்; நைனா மென்று மென்று தாடை வலிக்கிறது என்று எழுந்துவிட்டார். கான்பூர்க்காரி நான் இருக்கிறேனே என்று நானே திருகையில் அரைத்து ரொட்டி தட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நாலாம் நாள் வயிறு உப்பியது. ஐந்தாம் நாள் கொல்லைக்கு ஏழு தடவை போனேன். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றபோது திடீரென்று எனக்கு உறைத்தது. இது என் ஊர். என் கிணற்றுத் தண்ணீர். என் அம்மாவின் அடுப்பு. எந்த ஊருக்காக ஏங்கி இந்த நோய் வந்திருக்க முடியும்? உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கும்போதே சிரித்தேன். நோய் வந்ததற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். எழுந்து நடக்க முடியாதவர்களுக்கே கோதுமைக் கஞ்சிதான் எழுதிக் கொடுக்கிறேன், அது எப்படிக் கெடுக்கும் என்று கேட்டார். பாவாவுக்கு நாலு பக்கம் எழுதினேன். பதில் வரவில்லை. கோதுமையை நிறுத்தினேன், பத்து நாளில் சரியானது. அதையும் எழுதினேன். அதற்கும் பதில் இல்லை.

மூன்று வாரம் கழித்து அத்தை தானே வந்தாள், ஒரு பை கேழ்வரகு மாவோடு. நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சரி, இந்த மாவு துன்னு. ஒடம்ப தேத்திக்கோ," என்றாள். ஒரு வாரம் எங்கள் வீட்டிலேயே தங்கி, எனக்கு அவளே களி கிண்டிப் போட்டாள். நான் வேறு எதையும் தொடவில்லை. நாலாம் நாள் வயிறு உப்பியது. அன்று மத்தியானம் பேதி கண்டது.

என் நிலைமையை என்னவென்று சொல்வது. கோதுமை ஒரு துணுக்குகூட நான் தின்னவில்லை. அப்படியானால் நான் கண்டுபிடித்ததாக நினைத்தது எல்லாம் பொய். மில் டாக்டர் சொன்னதுதான் சரி. என் மனசே என்னை ஏமாற்றுகிறது. மறுபடி முதலிலிருந்து தேடுவதற்கு எனக்குத் தெம்பு இல்லை. பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். இரண்டு நாள் அப்படியே கிடந்தேன். இரண்டாம் நாள் பகலில் அத்தை வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மாவுல நான்தான் கோதும மாவ கலந்தேன்," என்றாள். "தெரியாம துன்னா ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன். நீ பொய் சொல்லிகினு கீறன்னு நெனச்சேன், சம்பூர்ணம்."

நான் திரும்பிப் பார்த்தேன். கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது கேள்விதான்.

"எவ்ளோ கலந்தீங்க அத்தே?"

"ஒரு படிக்கு ஒரு ஆழாக்கு."

"அவ்ளோதானா?"

"ஆங். அவ்ளோதான். அதுக்கே இப்படி ஆவுதுன்னா, அங்க நீ எப்படிடி ஒரு வருசம் இருந்த?"

அப்போதுதான் அழுதேன். இரண்டு வருஷத்தில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள், என்னைப் பொய்க்காரி என்று ஊரெல்லாம் சொன்னவள்தான்.

மறுநாள் அவள் மகனுக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான்தான் எழுத வேண்டியிருந்தது. தான் செய்ததை ஒளிக்காமல் சொன்னாள். என் கையெழுத்தில் இருந்தால் நானே இட்டுக்கட்டியது என்று பாவா நினைத்துவிடப் போகிறார் என்று, கடைசியில் தன் கட்டைவிரலை மையில் தொட்டு மூன்று இடத்தில் அழுத்தினாள். பதினைந்தாம் நாள் பாவா வந்து நின்றார். மன்னிப்பு என்றெல்லாம் எதுவும் சொல்லவில்லை. கேழ்வரகு எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று அம்மாவிடம் விசாரித்தார். எல்.எம்.பி. டாக்டர், தன் புத்தகங்களில் இப்படி எதுவும் இல்லை, ஆனாலும் ஒத்துக்கொள்ளாததை விட்டுவிடு என்றார். இதற்கு வைத்தியத்தில் ஒரு பெயர் இருக்கிறதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன் பிறகு வயிறு என்னைத் தொந்தரவு செய்ததில்லை. ஆனால் நிம்மதி வந்துவிட்டது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நான் கான்பூரில் எங்கும் கை நனைக்க முடியாதவள் ஆகிவிட்டேன். ராம்துலாரி மகள் கல்யாணத்தில் பூரியை ஒதுக்கி வைத்ததற்கு, சாதி பார்க்கிறேன் என்று நினைத்து அவள் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. கோதுமை கூடாது என்பதை "கேஹூ மனா ஹை" என்று நான் சொன்னதை, ஏதோ விரதம் என்று எடுத்துக்கொண்டு, எப்போது முடியும் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். ஊருக்குப் போனாலும், விருந்துக்குக் கூப்பிட்டவர்கள் ரவை உப்புமாவை நீட்டும்போது, ரவையும் கோதுமைதானே, அதே சங்கடம். இன்னொன்றும் உண்டு. முன்பு வயிறு என்னை இரண்டு முறை திருத்தணிக்கு அழைத்துப் போனது. இப்போது எனக்குப் போகக் காரணம் இல்லை. ஏக்கம் இல்லை என்று நிரூபித்துவிட்டேன் அல்லவா. ஏக்கமாக இருக்கிறது என்று இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

எங்கள் வீட்டில் இரண்டு அடுப்பு. ஒன்றில் பாவாவுக்கு ரொட்டி, ஒன்றில் எனக்குக் களியோ சோறோ. ஆட்டா பிசைந்த கையை மூன்று முறை கழுவிவிட்டுத்தான் என் பாத்திரத்தைத் தொடுவேன். இங்கே பிறந்த என் மகளுக்கு மூன்று வயதாகிறது. இரண்டையும் தின்பாள், இரண்டும் அவளுக்குச் செரிக்கிறது. என் ரொட்டி உப்பி எழுவதைப் பார்த்து, இந்த வளவில் உன்னைப்போல யாருக்கும் வராது என்று ராம்துலாரியே இப்போது சொல்கிறாள். அதன் ருசி எனக்கு மறந்துவிட்டது. நேற்று கல்லிலிருந்து எடுத்த ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து, ஊதி, "அம்மா, லோ" என்று குழந்தை என் வாயருகில் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றால் அவளுக்கு முகம் வாடிவிடும். கையில் வாங்கிக்கொண்டு, வாயில் போட்டுக்கொண்டதுபோலத் தாடையை அசைத்தேன். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டு, நன்றாக இருக்கிறதா என்று ஹிந்தியில் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று தமிழில் சொன்னேன். மூடிய கைக்குள் ரொட்டி இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.