ஐம்பதுக்கு மேல் போகாதீங்க

வாடகைக்கு டிரெய்லர் விடுவது என்பது, நம் செருப்பை அடுத்தவர் காலில் மாட்டி அனுப்பிவிட்டு, எந்த முள்ளில் மிதிக்கிறாரோ என்று வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் தொழில். சைக்கிளை இரவல் கொடுத்தவர்கள், விசேஷத்துக்கு அண்டா கொடுத்தவர்கள், பக்கத்து வீட்டுக்கு செல்போன் சார்ஜர் கொடுத்தவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் சாலையோரம் எங்கள் பட்டறை. என் வீட்டுக்காரர் வெல்டிங் செய்கிறார். அவர் செய்த டிரெய்லர்களை நான் வாடகைக்கு விடுகிறேன். டிராக்டர் இழுக்கும் பெரிய டிரெய்லர் இல்லை. ஜீப், பிக்கப் வண்டிகளின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும் இரண்டு சக்கரச் சரக்குப் பெட்டி. வாழைத்தார், மீன், பந்தல் கால், கல்யாணச் சீர் எல்லாம் அதில் போகும். முதலில் இரண்டு வைத்திருந்தோம். இப்போது ஒன்றுதான். அந்த ஒன்றை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதனால் கொக்கி மாட்டும்போதெல்லாம் ஒரே ஒரு வாசகம் சொல்லி அனுப்புவேன்: "நாலுவழி ரோட்ல ஐம்பதுக்கு மேல் போகாதீங்க."

ஏன் ஐம்பது? தோளைப் பிடித்துக்கொண்டு ரயில் விளையாடும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் இருப்பவன் நடந்தால் கடைசிப் பிள்ளையும் ஒழுங்காக நடந்து வரும். முன்னவன் ஓடினால் கடைசிப் பிள்ளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசப்படும். முன்னவன் சட்டென்று நின்றால் அது வந்து அவன் முதுகில் மோதும். கடைசிப் பிள்ளை குண்டுப் பிள்ளையாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். டிரெய்லர் அந்தக் கடைசிப் பிள்ளை. கனமான சாமானை அதன் பின்பக்கத்தில் ஏற்றினால் அது குண்டுப் பிள்ளை. இவ்வளவுதான் விஷயம். இதைப் புரியவைக்க நான் பட்ட பாட்டைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

எழுதிய இடம்

டிரெய்லரின் பின்கதவில் சிவப்பு வட்டம் போட்டு 50 என்று எழுதினோம். தவளக்குப்பத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர் முதலில் எடுத்துப் போனார். அன்று கடலூர் ரோட்டில் பஸ்சில் வந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரரை எங்கள் டிரெய்லரே ஓவர்டேக் செய்துகொண்டு போயிற்று. சிவப்பு வட்டம் தூரத்தில் புள்ளியாகி மறையும்வரை பார்த்துக்கொண்டு வந்தாராம். மாலையில் வண்டியைத் திருப்பிவிட வந்தவரிடம் கேட்டேன். அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "பின்னாடி எழுதிக்கிறீங்களேக்கா! பின்னால வர்றவனுக்குச் சொல்றீங்கன்னு இல்ல நெனச்சேன்?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் முன்பக்கப் பலகையிலும் எழுதினோம். அடுத்து வந்தவர் பாகூர் பக்கத்து வாழைத்தார் வியாபாரி. அவர் எண்ணைப் பார்த்தார், பிக்கப் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னாக்கா இது? ஓட்றவன் கழுத்தத் திருப்பி இதப் படிச்சிக்கினு போனா, அம்பதுல போனாலும் சாவ வேண்டியதுதான்."

காலிப் பெட்டி

அதே வியாபாரி தார் ஏற்றிக்கொண்டு போகும்போது மிகவும் ஒழுங்காகப் போனார். ஒரு பழம்கூட நசுங்கவில்லை. இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் பறந்து வந்திருக்கிறார். காலி டிரெய்லர் பாரமுள்ளதைவிட அதிகமாகத் துள்ளும். சின்னப் பள்ளத்துக்கே தவளை மாதிரி குதிக்கும். குதித்த குதியில் இடதுபக்கச் சிவப்பு விளக்கு எங்கேயோ விழுந்துவிட்டது. "லோடு இருந்தா வேகம் பாக்கணும், சரி. காலி வண்டிக்கு இன்னாக்கா வேகம்? உள்ள காத்துதானே இருக்குது?"

அண்ணன் இல்லையா?

பந்தல் போடுகிற ஒருவர் வந்தார். நான் என் வாசகத்தைச் சொல்லி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, என் தலைக்கு மேலாகப் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தார். "அண்ணன் இல்லியா?" என்றார். என் வீட்டுக்காரர் வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டு, நான் சொன்னதையே ஒரு சொல் மாறாமல் சொன்னார். "சரிண்ணே" என்று உடனே தலையாட்டினார். மறுநாள் நான்கு பந்தல் கால்களையும் பின்கதவின் தாழ்ப்பாளையும் நாலுவழிச் சாலையில் தொலைத்துவிட்டு வந்து நின்றார். "அண்ணன் அம்பதுன்னுதான் சொன்னாரு. ஆனா கொஞ்சம் சிரிச்சிக்கினே சொன்னாருக்கா."

அஞ்சலையின் அவசரம்

வீராம்பட்டினத்து அஞ்சலை மீன் வியாபாரம் செய்கிறவள். அவள் மருமகன் பிக்கப் ஓட்டுவான். ஐஸ் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டச் சொன்னேன். "கட்டி அவுக்கறதுக்குள்ள ஐஸு தண்ணியாயிடும்டி" என்றாள். ஐம்பதுக்கு மேல் போகவேண்டாம் என்றேன். "அம்பதுல போனா மீனு எறங்கி நடந்தே போயிடும்" என்றாள். சிரித்துவிட்டேன். சிரித்தவள் அங்கேயே தோற்றுவிட்டாள் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம்.

தவளக்குப்பம் சந்திப்பில் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்திருக்கிறது. மருமகன் பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது, பெட்டிகள் நிற்கவில்லை. ரோடெல்லாம் வஞ்சிரமும் சங்கராவும். அங்கேதான் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எப்போதும் ஐம்பது பேர் இருப்பார்களே, உதவிக்கு ஓடி வந்தார்கள். எல்லாரிடமும் பையும் இருந்தது. டிரெய்லரைக் கொண்டுவந்து விட்டபோது அஞ்சலையை எப்படி ஆறுதல்படுத்துவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "எல்லா மீனும் தவளக்குப்பத்துலயே போயிடுச்சுடி. ஒருத்தனும் பேரம் பேசல."

செத்த முள்

இனி என் தம்பி சேகர். அவனிடம் சொந்தமாகப் பிக்கப் வண்டி இருக்கிறது. அதில் எல்லாம் வேலை செய்யும், வேகம் காட்டும் முள்ளைத் தவிர. அது எப்போதும் சைபரில் சாய்ந்து படுத்திருக்கும். "ஐம்பதுக்கு மேல் போகாதே என்று உன்னிடம் நான் எப்படியடா சொல்வது?" என்று கேட்டேன். அவனுக்கு அதில் ஒரு சிரமமும் தெரியவில்லை. "முள்ளு எதுக்குக்கா? எல்லாரும் என்னத் தாண்டிப் போனா அம்பது. நான் எல்லாரையும் தாண்டிப் போனா எண்பது."

தள்ளிவிட்ட டிரெய்லர்

இரண்டு டிரெய்லரில் ஒன்று எப்படிப் போயிற்று என்று கேட்பீர்கள். சேகர் செங்கல் ஏற்றப் போனான். இறக்குவதற்கு வசதி என்று பின்கதவு ஓரமாகவே அடுக்கியிருந்தார்கள். மேம்பாலத்தின் இறக்கத்தில் டிரெய்லர் ஆட ஆரம்பித்தது. இவன் பயந்துபோய் பிரேக்கை ஓங்கி மிதித்தான். டிரெய்லர் முறுக்கிக்கொண்டு, கொக்கியை உடைத்துக்கொண்டு, சாலையோரக் கரும்புக் கொல்லைக்குள் புகுந்து கவிழ்ந்தது. நாங்கள் ஓடிப் போனபோது சேகர் ஒரு கீறலும் இல்லாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்: "நான் அம்பதுலதான்க்கா வந்தேன். அதுதான் பின்னால இருந்து புடிச்சித் தள்ளிச்சு."

கரும்புக் கொல்லைக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "அம்பதுல வந்தியா? தம்பி, எட்டு வரிச சாஞ்சிக்கிது. அம்பதுக்கு மூணு வரிசதான் சாயும்."

கண்ணாடி பீரோ

என் மகள் மலரை செல்லிப்பட்டில் கொடுத்திருக்கிறோம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை காலை, சீர் சாமான்கள் மாப்பிள்ளை வீட்டில் இறங்க வேண்டும். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் இறங்க வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா இந்த விஷயத்தில் கண்டிப்பானவர் என்று தரகர் மூன்று முறை சொல்லியிருந்தார். சீர் கொண்டு போகும் உரிமை தாய்மாமனுடையது. அதை மறுப்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. ஆக, செத்த முள்ளோடு சேகரின் பிக்கப், அதன் பின்னால் எங்களிடம் மிஞ்சியிருக்கும் ஒரே டிரெய்லர், அதற்குள் என் மகளின் பீரோ, பிரிட்ஜ், வாஷிங் மெஷின்.

நானே நின்று ஏற்றினேன். கனமானவை எல்லாம் முன்பக்கப் பலகையை ஒட்டி, மெத்தையும் பாத்திரமும் பின்னால். பிறகு குளித்துப் புடவை மாற்றப் போனேன். திரும்பி வந்தபோது எல்லாரும் வேனில் ஏறியாயிற்று. சேகர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். ஓடிப்போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலுவழிச் சாலையில் ஏறிய பிறகுதான் முதுகுக்குப் பின்னால் இருந்த சின்னக் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். பிரிட்ஜ் தெரிய வேண்டிய இடத்தில் மெத்தை தெரிந்தது.

"டேய், பீரோ எங்கடா?"

"பின்னாடிதான்க்கா. உங்க நாத்தனாருதான் மாத்தி ஏத்தச் சொன்னாங்க. கண்ணாடி பீரோவ மெத்தைக்கு முன்னால ஒளிச்சி வெச்சா எவன் பாப்பான், திருட்டுப் பொருளா எடுத்துக்கினு போறோம்னு சத்தம் போட்டாங்க."

"வண்டிய ஓரங்கட்டு."

"எப்டிக்கா ஓரங்கட்றது? ராவு காலம் வந்துகினே இருக்குது!"

நாங்கள் எல்லாரையும் தாண்டிக்கொண்டிருந்தோம். அவன் கணக்குப்படியே அது எண்பது. அப்போதுதான் இருக்கைக்கு அடியில் ஒரு அசைவு தெரிந்தது. யாரோ பின்னாலிருந்து நம் முந்தானையை இழுப்பது போல, முதலில் இடது பக்கம், பிறகு வலது பக்கம், பிறகு இன்னும் பலமாக இடது பக்கம். சேகரின் கால் பிரேக்கை நோக்கிப் போனதை நான் பார்த்தேன்.

"பிரேக்கத் தொடாத! ஆக்சிலேட்டர மட்டும் உடு. ஸ்டீரிங்க நேராப் புடி. நேரா!"

பிறந்ததிலிருந்து சேகர் என் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை. வண்டி வேகம் குறையக் குறைய ஆட்டமும் குறைந்தது. கடைசியில் அசையாமல் ஓரத்தில் நின்றது. பின்னால் வந்த வேனும் நின்றது. என் நாத்தனார் இறங்கி வந்தாள். ஏன் நிறுத்தினாய் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். முகம் வெளுத்துப் போயிருந்தது. "பீரோ கண்ணாடியில எங்க மூஞ்சியெல்லாம் இந்தாண்ட அந்தாண்ட போவுது. எங்க வேன்தான் கவுறுதுன்னு நெனச்சேன்டி."

சாலையோரத்திலேயே எல்லாவற்றையும் இறக்கி, பீரோவையும் பிரிட்ஜையும் முன்னால் வைத்து மறுபடி ஏற்றினோம். பட்டுப்புடவையோடு அத்தனை பேரும் வேலை செய்தார்கள். முடித்து நிமிர்ந்தபோது ராகு காலம் தொடங்கியிருந்தது. மலர் அந்த வீட்டில் காலம் முழுக்க இருக்க வேண்டியவள். முதல் சீரே நேரம் தப்பிப் போனது என்று ஒரு பேச்சு வந்தால், அது அவளோடுதான் குடித்தனம் பண்ணும். சேகர் மட்டும் நிம்மதியாக வண்டியைக் கிளப்பினான். "இனிமே இன்னாக்கா அவசரம்?"

அதன் பிறகு அவன் ஓட்டியது போல ஒருவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. லாரி எங்களைத் தாண்டியது, பஸ் தாண்டியது, முட்டைத் தட்டு ஏற்றிய மினி வண்டி தாண்டியது. டிரெய்லர் பெருமாள் கோயில் மாடு மாதிரி ஆடாமல் அசையாமல் பின்னால் வந்தது. செல்லிப்பட்டு எல்லைக்கு வந்துவிட்டோம். ஆனால் ராகு காலத்தில் ஊருக்குள் சீர் நுழையக் கூடாது. சங்கராபரணி ஆற்றங்கரைப் பக்கம் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு மணிக்காகக் காத்திருந்தோம்.

நிற்கிற வண்டிக்கு வேகக் கட்டுப்பாடு ஏது? நாத்தனாருக்கு உயிர் வந்துவிட்டது. பீரோவை இறக்கிச் சாலையைப் பார்க்க நிறுத்தினாள். பக்கத்தில் பிரிட்ஜ். அதன் பக்கத்தில் வாஷிங் மெஷின். முதலில் டீக்கடைக்காரர் வந்து பார்த்தார். பிறகு கரும்பு வெட்டப் போனவர்கள், ரேஷன் கடைக்குப் போனவர்கள், எங்கேயும் போகாதவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஆண்கள் பீரோ கண்ணாடியில் தலை சீவிக்கொண்டார்கள். பெண்கள் பிரிட்ஜைத் திறந்து மூடினார்கள். ஒரு பெரியவர் வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டுப் பார்த்து, எத்தனை வேட்டி பிடிக்கும் என்று விசாரித்தார்.

பன்னிரண்டு அடித்ததும் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிக்கொண்டு மெதுவாக ஊருக்குள் நுழைந்தோம். சம்பந்தி அம்மா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் தட்டைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவே கேட்கும்படி சொன்னார்: "எங்க ஊர்ல எல்லா வூட்டுக்கும் சீரு வந்துக்கிது சம்பந்தி. சர்ருனு வரும், வூட்டுக்குள்ள பூந்துடும், எவனும் பாத்ததில்ல. ஊரே பாக்க ஒண்ணர மணி நேரம் வந்த சீரு எம்மருமவ சீருதான்!"

இத்தனை வருஷத்தில் நான் கண்டுபிடித்தது இதுதான்: எங்கள் பக்கத்தில் டிரெய்லருக்குப் பத்திரமான வேகம் ஐம்பதும் அல்ல, நாற்பதும் அல்ல, போய்ச் சேர வேண்டிய நேரம் ஏற்கெனவே தப்பிப்போனவன் ஓட்டுகிற வேகம்.