மஞ்சள் கோடு இல்லாத போல்ட்டு

வாய்மையைப் போற்றுவோர் பலர். சொன்ன மெய் ஏற்கப்படுவதும் ஒரு பேறு என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. நாவில் பிறந்த மெய் எவர் செவியிலும் சென்று தங்காமல் வழியிலேயே மாண்டுபோவதும் இவ்வுலகில் உண்டு. அத்தகைய வாய்மைக்கு உரியவர், லாரிகள் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் மின்வேலை செய்யும் எலக்ட்ரீஷியன். பெற்றோர் இட்ட பெயரை அங்கே எவரும் அறியார். எல்லோருக்கும் அவர் மஞ்சக்கோட்டார்.

போல்ட்டு ஒன்றை இறுக்கியதும், அதன் தலையிலிருந்து அடியில் உள்ள இரும்பு வரை மஞ்சள் பெயிண்டால் மெல்லிய கோடு ஒன்றை இழுப்பது அவர் வழக்கம். போல்ட்டு நெகிழ்ந்தால் கோடு பிளந்து காட்டிவிடும். கோடு நேராக நின்றால் அது அவர் கொடுத்த வாக்கு. வீட்டில் சோற்றுப்பானை மூடியிலும் கோடு போட்டுவிட்டுத்தான் மனிதர் வேலைக்கு வருகிறார் என்று வெல்டர் சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும், அந்தக் கோட்டைக் கண்ட பின் எவரும் அங்கே ஸ்பானர் வைத்துச் சோதித்ததில்லை.

அவருடைய தங்கையின் கணவர் அதே முதலாளியின் நெடுந்தூர லாரியை ஓட்டிவந்தார். நாட்கணக்கில் வண்டியிலேயே படுத்தெழும் பிழைப்பு. பெரிய எஞ்சினை அணைத்துவிட்டுக் கண்ணயரும்போது, ஓட்டுநர் அறையின் பின்புறம் பெட்டிக்குள் இருக்கும் சிறிய துணை எஞ்சின் ஓடி, ஏசிக்கும் விளக்குக்கும் மின்சாரம் தரும், பேட்டரிக்கும் ஊட்டும். மின்சாரம் ஆக்கித் தரும் அதன் ஆல்டர்னேட்டர் அறுபது ஆம்பியர் மட்டுமே. ஏசியோடு சிறு குளிர்ப்பெட்டியும் ஓடினால் அதற்கு மூச்சு வாங்கும். எழுந்து பார்த்தால் பேட்டரி படுத்திருக்கும். ஓட்டுநர் பலமுறை கேட்டபின் முதலாளி மனமிரங்கி நூற்றிருபது ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஒன்றை வரவழைத்தார்.

மாப்பிள்ளையின் வண்டி என்பதால் மஞ்சக்கோட்டார் அந்த வேலையைப் பூசை போலச் செய்தார். அதைத் தாங்கும் பழைய பிராக்கெட்டின் துளைகள் பொருந்தவில்லை. புதிதாக இரும்பு அறுத்து, அரம் தேய்த்துப் பொருத்தினார். புல்லி இரண்டையும் ஒரே நேரில் நிறுத்திப் புது பெல்ட்டை மாட்டிக் கட்டைவிரலால் அழுத்தி இறுக்கம் பார்த்தார். பேட்டரிக்குப் போகும் மெல்லிய கேபிளைக் கழற்றிவிட்டு விரல் பருமனுள்ள செம்புக் கேபிள் இழுத்தார். அதற்கேற்ற ஃபியூஸும் வைத்தார். ஒவ்வொரு போல்ட்டிலும் கோடு விழுந்தது.

எஞ்சியது ஒன்றே. மின்சாரம் போகும் வழியை அகலமாக்கினால் திரும்பிவரும் வழியையும் அகலமாக்க வேண்டும். துணை எஞ்சின் மின்சாரம் கடத்தாத ரப்பர் மேல் அமர்ந்திருப்பதால், அதன் உடலிலிருந்து வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கு வரும் எர்த் பட்டை ஒன்றுதான் அந்தத் திரும்பும் வழி. அது அடியில் சேறு படிந்து துருவேறிக் கிடந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து மாற்றலாம் என்று எழுந்து போனார். வந்ததும் எஞ்சினை ஓட்டி மீட்டரை வைத்தார். பதினாலேகால் வோல்ட்டில் முள் ஆடாமல் நின்றது. அழகான அளவு. மனம் நிறைந்து பெட்டியின் மூடியைப் போட்டுவிட்டார். அன்று எவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

மூன்றாம் வாரம், நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பிற்பகலில், உறங்கிக்கொண்டிருந்த ஓட்டுநரின் தலைமாட்டில் தீப்பற்றியது. அவர் கதவைத் தள்ளிக் குதித்து உயிர் தப்பினார். வலக்கையின் தோல் வெந்துபோயிற்று. பாதி கருகிய வண்டியைக் கட்டி இழுத்துவந்தார்கள். முதலாளி, என்னவென்று பாருங்கள் என்று மஞ்சக்கோட்டாரை மேலே ஏற்றினார். சாம்பலுக்கு நடுவே வெந்நீர் போடும் கெட்டில் ஒன்று உருகிக் கிடந்தது. அதைப் பார்த்தார், கீழே இறங்கினார்.

"கெட்டில்தான் முதலாளி."

அந்த இரண்டு சொல்லே தீர்ப்பாயிற்று. மஞ்சக்கோட்டார் சொன்ன பின் மறுவிசாரணை ஏது? கெட்டிலை நான் பிளக்கில் மாட்டவே இல்லை என்று ஓட்டுநர் கட்டுப்போட்ட கையோடு நின்று சொன்னார். மைத்துனரான மஞ்சக்கோட்டார் அவர் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஓட்டுநரின் சான்றுத்தாளில் 'கவனக்குறைவு' என்று எழுதி அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாளைக் கண்டவர் எவரும் அவரிடம் வண்டிச் சாவியைத் தரவில்லை. வெந்த கையோடு ஒரு கிடங்கில் பெட்டி தூக்கப் போனார்.

இரண்டு மாதம் கழித்து அந்த வண்டிக்குப் புதிதாக ஒயர் இழுக்கும் வேலை மஞ்சக்கோட்டாரிடமே வந்தது. அடியில் படுத்து டார்ச் அடித்தார். கோடு, கோடு, கோடு என்று எல்லாம் நேராகவே நின்றன. எர்த் பட்டையின் போல்ட்டுக்கு வந்ததும் வெளிச்சம் நின்றது. அதன் தலையில் பழைய சேறு அப்படியே காய்ந்திருந்தது. கோடு இல்லை. பட்டை வெப்பத்தில் நீலம் பாரித்துக் கிடந்தது. திரும்பிவர வழி போதாத மின்சாரம், பக்கத்தில் கம்பி பின்னிய டீசல் குழாயைப் பற்றிக்கொண்டு ஓடியிருக்கிறது. தீ அங்கிருந்துதான் மேலே ஏறியிருக்கிறது.

வெல்டர் வந்து காலைத் தட்டி, தூங்கிவிட்டீர்களா அண்ணே என்று கேட்ட பின்பே வெளியே வந்தார். ஒரு துணியால் சேற்றைத் துடைத்து ஒரு கோடு இழுத்துவிட்டால் உலகில் எவருக்கும் தெரியாது. சொன்னால் முப்பது ஆண்டுப் பெயர் போய்விடும். மாப்பிள்ளைக்கு வண்டி திரும்பக் கிடைக்கும். கையைக்கூடக் கழுவாமல் முதலாளியின் அறைக்குப் போய், தீ தம்மால் பிடித்தது என்றார்.

முதலாளி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் புன்னகை செய்தார். "தங்கச்சி ரொம்ப அழுதுதா?"

"இல்லைங்க. அந்த போல்ட்டை வந்து பாருங்க. மண்ணு கூட அப்படியே இருக்கு. நான் தொடவே இல்ல."

"மண்ணு பூச எவ்வளவு நேரம் ஆகும் மஞ்சக்கோட்டாரே? நீங்க நல்லவருன்னு ஊருக்கே தெரியும். ஆனா இவ்வளவு நல்லவரா இருக்காதீங்க. அதோட, இன்சூரன்ஸுக்குக் கெட்டில்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு."

குனிந்து பார்க்க அவர் வரவே இல்லை. அன்று மாலைக்குள், தங்கை கணவனுக்காகப் பழியைத் தலையில் சுமக்கத் துணிந்த உத்தமர் என்று பட்டறை முழுவதும் பேச்சாயிற்று. இல்லையப்பா, தவறு என்னுடையதுதான் என்று அவர் சொல்லச் சொல்ல உத்தமம் இன்னும் ஒரு படி ஏறியது.

மறுநாள் தங்கை வீட்டுப் படியேறினார். மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. மாடிப்படிக் கம்பியில் துணி காய்ந்தது. மாப்பிள்ளை சுருங்கிய வலக்கையை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தார். மஞ்சக்கோட்டார் நின்றவாறே எல்லாவற்றையும் சொன்னார். தங்கை தண்ணீர் கொண்டுவந்தவள், கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இதை எதுக்குண்ணே இப்ப வந்து சொல்றீங்க? உங்க மனசு லேசாகறதுக்கா?"

மாப்பிள்ளைதான் பேசினார். "முதலாளி என்ன சொன்னாரு?"

"நம்பல மாப்பிள்ளை."

மாப்பிள்ளை சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்லதாக இல்லை. "அன்னைக்கு நான் சொன்னதை நீங்க நம்பல. இன்னைக்கு நீங்க சொல்றதை அவரு நம்பல. இப்பதான் மச்சான், நாம நெருங்கின சொந்தம்."

தவறு தம்முடையதே என்று தம் கையால் எழுதி ஒப்பமிட்ட தாளைப் பாயின் மேல் வைத்துவிட்டு அவர் இறங்கினார். மாப்பிள்ளை அதை எடுத்துக்கொண்டு மூன்று லாரி முதலாளிகளைப் பார்த்தார். கடிதம் எழுதியது மனைவியின் அண்ணன் என்று அறிந்ததும் மூவரும் மடித்துத் திருப்பித் தந்தார்கள். தாள் இப்போது தங்கையின் துணிப்பெட்டி அடியில் கிடக்கிறது. மாப்பிள்ளை கிடங்கில்தான் இருக்கிறார். அண்ணன் படியேறினால் அவள் கதவைத் திறக்கிறாள், உட்காரச் சொல்வதில்லை.

அந்த வண்டிக்கு மஞ்சக்கோட்டார் எர்த் கேபிளைப் புதிதாக இழுத்தார். இரும்பு வெள்ளி போல மின்னும் வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கி, கோடும் இட்டார். வேறொருவர் அதை ஓட்டிப் போனார். கிளம்பும் முன் எல்லோரும் குனிந்து அந்தக் கோட்டைத்தான் பார்த்தார்கள். பார்த்து நிம்மதி அடைந்தார்கள். அவர் மட்டும் கிண்ணத்தில் காய்ந்துகொண்டிருந்த பெயிண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் அறிந்த இறைவன் அந்த மனையைக் காக்க. அங்கே விளக்கு குன்றாது எரிக. உலை ஆறாது கொதிக்க. தங்கை ஒருநாள், உட்காருங்கண்ணே என்று சொல்லும் வரையேனும் அவர் ஆயுள் நீள்க.