மாறிப்போன மடக்குக் கத்தி

தினமும் மடக்குக் கத்தியோடு நடமாடும் நாங்கள் ஆறு பேர், ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஜார்ஜ்டவுனில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கூடி, கத்திகளை மேசையில் பரப்பிக் கைமாற்றிப் பார்ப்போம். ஒருமுறை செபராங் ஜெயாவிலிருந்து வயதான லோரி ஓட்டுநர் ஒருவர் வந்தார். தன் கொம்புப்பிடிக் கத்தியை ‘டக் டக்’ என்று திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

“விரலுக்குக் கொஞ்சம் லீவு குடுங்கண்ணே,” என்றேன்.

“எங்கப்பா கத்தி லா, தம்பி. இது பாக்கெட்ல இல்லாம லோரிய எடுக்கவே மாட்டேன்.”

என்னுடையதும் கொம்புப்பிடிதான். அன்று வீட்டுக்கு வந்து பாக்கெட்டில் இருந்ததைத் திறந்தால், தீட்டித் தீட்டித் தேய்ந்த அலகு. அவருடையது.

நான்கு ஞாயிறுகளாக அதைக் கடைக்குக் கொண்டுபோய்க் காத்திருக்கிறேன். முதல் சிக்னலில் திறந்து மூடும்போதே, கையிலிருப்பது தன் கத்தி இல்லை என்று அவர் விரல்களுக்குத் தெரிந்திருக்குமே, ஏன் வரவில்லை? தெருவில் லோரிச் சத்தம் கேட்டால், என் கையில் ‘டக் டக்’.