ரெண்டு செங்கல் மேல தூக்கம்

நான் வாடகைக்கு இருக்கிற வீட்டோட சொந்தக்காரர் பேரு சுப்ரமணியம் பிள்ளை. நெத்தி நெறைய துன்னூறு, வாசல்ல மாவிலைத் தோரணம். பார்த்தா நம்ம ஊர்க்காரர்னு கையெடுத்துக் கும்பிடுவீங்க. "நெஞ்சு எரியுதுங்க"ன்னு சொல்லிப் பாருங்க, முழிப்பார். தமிழ் ஒரு சொல் வராது. மலாய் நாட்டுல, காஜா பெராங்ல இந்தக் கம்போங் செட்டிக்காரங்க எல்லாருமே இப்படித்தான், பல தலமொறைக்கு முன்ன கப்பலேறி வந்து இங்கயே கலந்துட்ட தமிழாளுங்க. சாமி நம்ம சாமி, பேச்சு மலாய்ப் பேச்சு. எனக்குப் பேச்சு தமிழ், சாமிகிட்டதான் சண்டை.

நெஞ்செரிச்சல் எனக்கு வந்த கதை பெருமையா சொல்லிக்கிற மாதிரி இல்ல. டவுன்ல சாப்பாட்டுக் கடையில கொழம்பு வெக்கிறவன் நான். பட்டுக்கோட்டைப் பக்கம் இருந்தப்ப பொழுது சாயறதுக்குள்ள கஞ்சியக் குடிச்சிட்டு, வம்பு பேசி ஏப்பம் விட்டுட்டுத்தான் படுப்போம். இங்க ஊரே தின்னு முடிச்சாத்தான் சமையக்காரனுக்கு எலை. காரமும் புளியும் சட்டி அடியில எறங்கிக் கெடக்கும், அது பூரா எனக்கு. அள்ளித் தின்னுட்டு வந்த ஒடனே கட்டையச் சாய்ப்பேன். நான் படுத்தா கொழம்பு எந்திரிக்கும். புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் ஏறி நெருப்பா நிக்கும். செவுத்துல சாஞ்சு ஒக்காந்தா எறங்கும். தூங்காத ஒடம்புல மறுநாள் எரிச்சல் எரட்டிப்பு, அந்த எரிச்சல்ல இருக்கிற தூக்கமும் போயிடும். ஊருக்கே அடுப்பு அணைச்சிட்டு வர்றவனுக்கு வயித்து அடுப்ப அணைக்கத் தெரியல.

ஒரு நாள் காலையில பிள்ளை கேட்டார், "அப்பா பசால் தா தீடோர், தம்பி?" ஏன் தூங்கலையாம். எனக்குத் தெரிஞ்ச மலாய் மீன் வெலை கேக்கிற அளவுதான். நெஞ்சைத் தொட்டு, "சாக்கிட் சினி"ன்னேன், இங்க வலிக்குதுன்னு. புருசனும் பொண்டாட்டியும் ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அந்தம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஊர்ல விட்டுட்டு வந்த என் சம்சாரம் செல்லம்மா நெனப்புல ஒக்காந்திருக்கேன்னு முடிவு கட்டிட்டாங்க. நெசத்தச் சொல்லணும்னா, அவள நெனச்சத விட மோர நெனச்சதுதான் அதிகம். அன்னையிலேருந்து ஆறுதலா ஒரு கிண்ணம் வரும், புளிமீனும், எறாப் பொடியும் மொளகாயும் சேத்து அரைச்ச பெலாச்சான் சம்பலும். அழுதுக்கிட்டே குடுத்தா எப்படி வேணாங்கிறது? தின்னேன். விடிய விடிய ஒக்காந்தேன். அதைப் பார்த்து மறுநாள் கிண்ணம் பெருசாச்சு.

நாடு சுதந்திரமாகி குடியுரிமைப் பத்திரம் குடுத்திட்டிருந்த நேரம். பத்திரம் கைக்கு வந்தா செல்லம்மாவையும் பையனையும் தைரியமா வரவழைக்கலாம்னு பிள்ளைதான் கெளப்பிவிட்டார். தச்சு வேலைக்கு லீவு போட்டு, எனக்காகச் சாட்சி சொல்லக் கூடவே வந்தார். முந்தின நாள் அந்தம்மா ரெண்டு கிண்ணம் அனுப்பினாங்க. பொட்டுத் தூக்கமில்ல.

ஆபீஸ்ல பெஞ்சு, முதுகுக்குச் செவுரு, தலைக்கு மேல காத்தாடி. நெட்டுக்குத்தலா ஒக்காந்ததும் எரிச்சல் எறங்கிடுச்சு. அவ்வளவுதான் தெரியும். முழிச்சப்ப பெஞ்சு காலி, பியூன் கதவச் சாத்திட்டிருந்தான்.

"என்னக் கூப்பிட்டாங்களா?"

"மூணு தரம்," அப்படின்னார் பிள்ளை மலாய்ல, ரொம்பச் சாந்தமா.

"எழுப்பக் கூடாதா?"

"இத்தன மாசத்துல இன்னைக்குத்தான் தூங்குறே. மனசு வரல. பேசோ போலே, தம்பி."

நாளைக்குப் பார்த்துக்கலாமாம். பூட்டன் காலத்துலேருந்து இங்கயே கெடக்கிறவருக்கு நாளைன்னா நாளைதான். எனக்கு நாளைன்னா, குமாஸ்தா ஆறு மாசம் தள்ளி எழுதிக் குடுத்த தேதி. கைய ஓங்கலாம்னு வந்துச்சு. யார் மேல ஓங்குறது, அந்த மனுசன் ஒரு நாள் கூலிய விட்டுட்டு என் தூக்கத்துக்குக் காவல் இருந்திருக்கார்.

நடந்தத அப்படியே செல்லம்மாவுக்குக் கடுதாசி போட்டேன், படிச்சிட்டுச் சிரிப்பாள்னு. சிரிக்கல. பையன பள்ளிக்கூடத்துல போட்டாச்சு, இனி கப்பலேற மாட்டேன்னு பதில் வந்துச்சு. "ஒங்களுக்கு அங்க நல்லாத் தூக்கம் வருதுல்ல, இருங்க"ன்னு கடைசி வரி. ஆறு மாசம் கழிச்சுப் பத்திரமும் வந்துச்சு. அது பொட்டியில அந்தக் கடுதாசி மேலயே கெடக்கு.

தின்ன ஒடனே படுக்காதே, தலைமாட்ட ஒசத்துன்னு ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கிற டிரெஸ்ஸர் சொன்னார். பிள்ளை ரெண்டு செங்கல் கொண்டாந்து கட்டிலோட தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் முட்டு வெச்சார். இப்ப எரிச்சல் கொறைவு. ஆனா கட்டில் சரிவு. கால்மாடு மேக்க, கடல் பக்கம். கண்ண மூடினா கொஞ்சம் கொஞ்சமா வழுக்கிட்டே போறேன். முழிக்கிறப்ப கால் ரெண்டும் கட்டிலத் தாண்டி ஊர்ப் பக்கம் நீட்டிட்டிருக்கு. மறுபடி ஏறிப் படுக்கிறேன்.